பேசாமல் இருக்க வேண்டிய மத்தியானம்

மைனி அந்தப் பென் டிரைவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், விழுங்கலாமா வேண்டாமா என்று மாத்திரையைப் பார்ப்பதுபோல, நான் ஒன்றும் சொல்லக் கூடாது. எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று என் வழிகாட்டித் தாளில் எழுதவில்லை, அது எனக்கு இப்போதுதான் தெரிகிறது, மூன்று மாதமாகத் திருத்தித் திருத்தி எழுதியும் அது தோன்றவில்லை, ஏனென்றால் என் விரல்களுக்கு அது தெரியும், என் விரல்களுக்குத் தெரிந்த எதையும் நான் எழுதியிருக்க மாட்டேன் போல. வெளியே மழை. நாகர்கோவிலில் ஐப்பசி மழை பிடித்தால் மத்தியானமும் சாயங்காலமும் ஒரே நிறத்தில் இருக்கும், ஜன்னலுக்கு வெளியே முருங்கை நனைந்து நனைந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. சாப்பாட்டு மேசையில் மைனியின் புருஷன், என் அண்ணனுடைய பழைய லேப்டாப், அதன் பக்கத்தில் நான் அச்செடுத்து வைத்த தாள்கள், தாள்களின் மேல் மைனியின் விரல். பென் டிரைவில் இருப்பது விண்டோஸ் மாதிரி ஒரு இயங்குதளம், ஆனால் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாதது, எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் ஓய்வு நேரத்தில் எழுதி, யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டிருப்பது. அதைத் தன் கணினியில் முதல் தடவையாகப் போட்டுக்கொள்கிறவர்களுக்கான தமிழ்ப் பக்கத்தைத் திருத்தி எழுதுவது என் பங்கு. பகலில் துவைக்கும் இயந்திரங்களின் கையேடுகளைத் தமிழாக்கிச் சம்பளம் வாங்குகிறேன், இதற்குச் சம்பளம் இல்லை, இதைத்தான் மனதோடு செய்கிறேன். தமிழ்ப் பக்கங்களைப் பார்த்துக்கொள்கிற கமலேஸ்வரன் மட்டக்களப்பிலிருந்து போனில் சொன்னார், "எழுதினவைக்கு எழுதினது விளங்கும்தானே பியூலா. ஒண்டும் தெரியாத ஆளா ஒருத்தரை இருத்தி வாசிச்சுச் செய்யச் சொல்லுங்கோ. நீங்கள் பக்கத்திலே இருங்கோ, ஆனா கதைக்கக் கூடாது. கையும் காட்டக் கூடாது." மைனியை உட்காரவைக்கிறேன் என்றேன், முகம் என்று கேட்டேன். "முகத்தையும் கவனமா வச்சிருங்கோ. அவ தடக்குப்படுற இடத்திலே பிழை உங்கட பக்கத்திலே, அவவிலே இல்லை." அவர் முகத்தைப் பற்றிச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது, ஆறு நாளாக நான் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன், பால்காரரிடம், தேவாலயத்தில், கீழே மைனியிடம், கண்ணாடியிடம்கூட.

பென் டிரைவ் போய்விட்டது. முதலில் தலைகீழாகக் குத்தினாள், போகவில்லை, என்னைப் பார்த்தாள், நான் முருங்கையைப் பார்த்தேன், பிறகு அவளாகவே திருப்பிப் போட்டாள். இப்போது படிக்கிறாள், பைபிள் வாசிப்பதுபோலச் சொல்லுக்குச் சொல் விரல் வைத்து, சத்தமாக. "கணினியை இயக்கிய உடனே எஃப் பன்னிரண்டு விசையை அழுத்தவும்." பொத்தானை அமுக்கினாள், மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், எஃப் பன்னிரண்டைத் தேடினாள், அதற்குள் கம்பெனிப் படம் வந்து போய்விட்டது. பழைய விண்டோஸ் எழும்ப முடியாமல் நீலமாக நின்றது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உடனேன்னா எவ்வளவு உடனே?" என்று தாளிடம் கேட்டாள், என்னிடம் இல்லை, விதியை நான் சொல்லி வைத்திருக்கிறேன், அவள் அதை விரதம் மாதிரி காக்கிறாள். மறுபடியும் அணைத்தாள். மறுபடியும் பிந்தினாள். உடனே. டாக்டரம்மாவும் அந்தச் சொல்லைத்தான் சொன்னார், உடனே வந்தது நல்லதாப் போச்சு என்று, நான் உடனே போகவில்லை, அதை அவரிடம் சொல்லவில்லை. குளிக்கும்போது சோப்பு நுரையில் வழுக்கிக்கொண்டு போன விரல் ஒரு இடத்தில் தயங்கியது, அவ்வளவுதான், தயங்கியது, பிறகு திரும்பி வந்து அதே இடத்தில் நின்றது, இடது மார்பில், அக்குளுக்குப் பக்கத்தில், ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி ஒன்று. தண்ணீர் ஊற்றினேன். துண்டைக் கட்டினேன். தோசைக்கு மாவு கரைத்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ நாள் குளித்திருக்கிறேன், அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன், தெருவில் நாய் படுத்திருந்தால் சுற்றிக்கொண்டு போவதுபோல. எழுப்பாமல் போனால் கடிக்காது. மூன்றாவது தடவை மைனி பொத்தானை அமுக்குவதற்கு முன்பே எஃப் பன்னிரண்டில் ஒரு விரலை வைத்துத் தயாராக இருந்தாள், டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணினவள், விரலுக்கு இடம் தெரிந்துவிட்டால் போதும், தட் தட் தட் என்று அடித்துக்கொண்டே இருந்தாள், பட்டியல் வந்தது. "ஆங்" என்றாள். நான் மனதுக்குள் எழுதிக்கொண்டேன்: முதலில் விரலை வையுங்கள், பிறகு இயக்குங்கள், பட்டியல் வரும்வரை விட்டுவிட்டுத் தட்டிக்கொண்டே இருங்கள். இவ்வளவுதான். இதற்கு மூன்று மாதம்.

அவளுக்கு இந்த லேப்டாப் வேண்டும். சுகிர்தா மைனிக்கு வேண்டும் என்று ஒரு பொருளைப் பற்றி இந்த வீட்டில் யாரும் கேள்விப்பட்டதில்லை. அண்ணன் மஸ்கட்டிலிருந்து போனில், அது செத்த சாமான், பழைய இரும்பு எடுக்கிற ஆக்கர்காரனிடம் போடு, நீ அதெல்லாம் தொடாதே என்றானாம், அவள் சரி என்றாளாம், போனை வைத்துவிட்டு மாடியேறி என்னிடம் வந்தாள். சபையில் பாட்டுத்தாள் அடித்துக் கொடுக்க ஆள் தேடுகிறார்கள், வக்கீல் ஆபீசிலும் வீட்டிலிருந்தே அடித்துத் தர ஆள் வேண்டுமாம், எனக்கு விரல் இன்னும் மறக்கலே பியூலா, என்றாள். பன்னிரண்டு வருடமாக அவள் கீழே, நான் மேலே. மீன்குழம்பு கிண்ணம் மேலே வரும், அவியல் வைத்துக் கிண்ணம் கீழே போகும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நான் ஆட்டோ பிடிப்பேன், எனக்கு மோட்டார் ஓடாவிட்டால் அவள் தண்ணீர் தருவாள். மற்றபடி நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசிய பேச்சை எல்லாம் எழுதினால் துவைக்கும் இயந்திரக் கையேடு மாதிரிதான் இருக்கும். எப்போது, எவ்வளவு, ஆச்சா. இப்போது இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்க்க எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது, பார்ப்பதுதான் வேலை, படிக்கும்போது அவளுக்குக் கீழுதடு முன்னால் வருகிறது, புரியாத இடத்தில் கழுத்துச் செயினைப் பிடித்துக்கொள்கிறாள். இப்போது பிடித்துக்கொண்டாள். "மொழியை எளிதாகத் தேர்ந்தெடுக்கலாம்," என்று வாசித்தாள். தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை, அம்புக்குறியை எங்கே கொண்டுபோவது என்று தெரியவில்லை, பட்டியல் கீழே போகிறது, தமிழ் அதில் வெகு கீழே இருக்கிறது. "எளிதாகன்னு போட்டிருக்கு," என்று மெதுவாகச் சொன்னாள், "எனக்கு எளிதா இல்லியே. அப்ப எனக்குத்தான் மண்டையில சரக்கு இல்லபோல." என் வாய் திறந்துவிட்டது. இல்லை மைனி, அது என் பிழை, அந்தச் சொல்லை நான் அலங்காரத்துக்குப் போட்டேன், நாற்காலியில் குஞ்சம் வைப்பதுபோல. வாயை மூடிக்கொண்டேன், கொட்டாவி விட்டமாதிரி ஆக்கினேன். அவள் கண்டுபிடித்துவிட்டாள், தமிழை, கீழ்நோக்கும் விசையை அமுக்கி அமுக்கி, யாரும் சொல்லாமல்.

மழை கொஞ்சம் ஓய்ந்து ஓட்டிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் இருக்கிறது, அந்தச் சத்தத்தில் தலை கனக்கிறது, டாக்டரம்மாவைப் பார்த்து வந்த ஆறு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை, கண்ணை மூடினால் விரல் தானாக அங்கே போகிறது. நாளைக் காலையில் ஆஸ்பத்திரி. ஊசி வைத்துக் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பார்களாம். எதை எடுப்பார்கள், எவ்வளவு, எதைப் பார்த்து என்ன சொல்வார்கள், படுக்க வேண்டுமா உட்கார வேண்டுமா, ஆண் டாக்டரா, மூச்சை விடலாமா. டாக்டரம்மா நல்லவர்தான், கை குளிர்ந்திருந்தது, அமுக்கிப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே, "வீட்ல யாருக்காவது இந்த மாதிரி இருந்துச்சா?" என்று கேட்டார், இல்லை என்றேன், எங்கள் வீட்டில் யாருக்காவது இருந்திருந்தால் யார் யாரிடம் சொல்லியிருப்பார்கள் என்பது படியில் இறங்கும்போதுதான் தோன்றியது. "பயப்படாதீங்கம்மா," என்றார் அவர். அதோடு சரி, மணியை அடித்தார், அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டாள். எல்லாம் தெரிந்தவர்களுக்கு எவ்வளவு சின்ன வாக்கியம் போதுமாக இருக்கிறது. "ஏ, இது என்ன?" என்று மைனி சிரிக்கிறாள், தோள் குலுங்கச் சிரிக்கிறாள், "வட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும். யாருக்கு வட்டு? இந்தப் பெட்டிக்கா, இதப் படிக்கிற எனக்கா?" ஐயோ, எங்கள் ஊரில் வட்டு என்றால் கிறுக்கு, அதை மறந்துபோய் ஹார்டு டிஸ்குக்கு அகராதியைப் பார்த்து எழுதியிருக்கிறேன், நானும் இதே ஊர்க்காரி, பள்ளிக்கூடத்தில் வட்டுக்கேஸ் என்று எத்தனை பேரைச் சொல்லியிருப்பேன். எனக்கும் சிரிப்பு வந்து உதட்டைக் கடித்தேன். அவள் சிரித்து முடித்து அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினாள். சிரிப்பு நின்றது. "பயப்பட வேண்டாம்," என்று வாசித்தாள். இன்னொரு தடவை வாசித்தாள். செயினைப் பிடித்தாள். "இதுவரைக்கும் நான் பயப்படல, கேட்டியா. எதுக்கு இங்க வந்து பயப்பட வேண்டாம்னு போட்டிருக்கு? அப்ப பயப்படுதாப்புல என்னமோ இருக்கு." விரல் அந்த வரியிலேயே நின்றது. "என்ன நடக்கும்னு சொல்லிட்டுப் போனா போதும்லா. பயப்படுததும் பயப்படாததும் நம்ம பாடு."

நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். விதியில் எழுந்து போகக் கூடாது என்று இல்லை. அடுக்களையில் நின்றுகொண்டு குவளையை வாயில் வைத்திருந்தேன், தண்ணீர் உள்ளே போகவில்லை, அவள் அந்தத் தாளைப் பற்றித்தான் சொன்னாள், தாளைப் பற்றி மட்டும்தான். அந்த வரியை எழுதிய நாள் நினைவிருக்கிறது. வாக்கியம் மொட்டையாக இருக்கிறதே, மனிதத்தன்மையாக ஏதாவது சேர்க்கலாம் என்று சேர்த்தேன், சேர்த்துவிட்டு எனக்கே என்னைப் பிடித்துப்போய் ஒரு காப்பி போட்டுக் குடித்தேன். அழிக்கப்படும் என்பதை மட்டும் சொல்லி, எது அழியும் எது அழியாது, எவ்வளவு நேரம், நடுவில் கரண்டு போனால் என்ன, அழிந்த பிறகு எது மிச்சமிருக்கும் என்று ஒன்றையும் சொல்லாமல் விட்டிருக்கிறேன். அந்த லேப்டாப்பில் ஒன்றுமில்லை, அண்ணன் எல்லாவற்றையும் எப்போதோ எடுத்துக்கொண்டான், எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், இருந்தாலும் எல்லாம் என்கிற சொல் பெரிதாக இருக்கிறது. திரும்பி வந்தபோது அவள் அமுக்கியிருந்தாள். திரையில் ஒரு நீலப் பட்டை இடமிருந்து வலமாக ஊர்ந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். பட்டை ஊர்வதைப் பார்க்கப் பார்க்க அறை எங்கோ மெதுவாகப் போவதுபோல இருந்தது, மழைக்குள்ளே பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதுபோல, கன்னியாகுமரி ரோட்டில், கண்ணாடி மூடி, மூச்சுப்பட்டு மங்கி, வெளியே வாழைத்தோட்டமா கடலா என்று தெரியாமல். பஸ் எங்கே போகிறது என்று கண்டக்டர் மட்டும் அறிவார், அவர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே பயப்படாதீங்கம்மா என்கிறார். நான் இறங்க வேண்டிய இடம் எது என்று கேட்க வாயெடுக்கிறேன், பேசக் கூடாது என்று ஞாபகம் வருகிறது. திடுக்கிட்டேன். ஒரு நொடி தூங்கிவிட்டேன் போலும். மைனி படித்துக்கொண்டிருக்கிறாள், "பென் டிரைவை எடுத்துவிட்டுக் கணினியை மீண்டும் தொடங்கவும்." எடுத்தாள், இந்தத் தடவை தயக்கம் இல்லை, எடுத்துத் துண்டில் துடைத்து மேசையில் வைத்தாள். மீண்டும் தொடங்கு என்பதை அமுக்கினாள்.

திரை கருப்பாகிவிட்டது. பழைய இயந்திரம், முதல் தடவை எழும்பும்போது இப்படித்தான் நிற்கும், எனக்குத் தெரியும், எத்தனையோ பெட்டிகளில் பார்த்திருக்கிறேன். தாளில் அடுத்த வரி, "உங்கள் புதிய முகப்புத் திரை தோன்றும்." மைனி அதை வாசித்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். தோன்றவில்லை. தாளைத் திருப்பினாள், பின்பக்கம் ஒன்றும் இல்லை. மறுபடியும் வாசித்தாள். காற்றாடி சத்தம் மட்டும் உள்ளேயிருந்து வந்தது, பிறகு அதுவும் நின்றது. கருப்பில் எங்கள் இரண்டு பேர் முகமும் தெரிந்தது, அவள் முகம் சின்னதாகிக்கொண்டே வந்தது. "நான் என்னமோ தப்பா அமுக்கிட்டேன்," என்றாள். யாரிடமும் இல்லை. "அப்பமே சொன்னாரு, தொடாதேன்னு." கை மேசைக்கு மேலே வந்து பொத்தானுக்குப் போயிற்று, பாதியில் நின்றது, மடியில் போய் விழுந்தது. இதுதான் தடக்குப்படுகிற இடம், கமலேஸ்வரன், இதை நான் குறித்துக்கொள்ள வேண்டும், திரை கொஞ்ச நேரம் கருப்பாக இருக்கும், அப்படித்தான் இருக்கும், நீங்கள் ஒன்றும் தவறாகச் செய்யவில்லை, பொறுத்திருங்கள், மூன்று சின்ன வாக்கியம். அவள் கண் நிறைந்துவிட்டது. கண்ணீர் விழாமல் இருக்க மோட்டுவளையைப் பார்க்கிறாள், அது எனக்குத் தெரிந்த வித்தை, அதை நான் ஆறு நாளாகச் செய்கிறேன், இன்னொருத்தர் செய்து நான் பார்த்ததில்லை. சொல்லிவிடலாம். வந்துவிடும் மைனி என்று இரண்டு சொல், பரீட்சை போனால் போகட்டும், வேறு யாரையாவது பிடித்து இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். வாயைத் திறந்தேன். வந்துவிடும் என்பதுதான் வர வேண்டும், நாக்கு அதற்குத்தான் தயாராக இருந்தது, ஆனால் என் காதில் விழுந்தது வேறு. "மைனி, எனக்கு மார்ல ஒரு கட்டி இருக்கு."

சொன்னது நான்தானா என்று பார்ப்பதுபோல அவள் திரும்பினாள். ஓட்டுத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. ஐயோ என்பாள், கர்த்தாவே என்பாள், நெஞ்சில் கை வைப்பாள், எப்போதிருந்து, ஏன் சொல்லவில்லை, அண்ணனுக்குத் தெரியுமா, இதெல்லாம் வரும் என்று தோளை இறுக்கிக்கொண்டேன். "எந்தப் பக்கம்?" என்றாள். "இடது." "டாக்டர்ட்ட காட்டியாச்சா?" "காட்டியாச்சு. நாளைக் காலையில ஊசி வச்சு எடுக்கணுமாம்." தலையை ஆட்டினாள். நாற்காலியை என் பக்கமாக நகர்த்தினாள். முழங்கால் முழங்காலில் இடித்தது. "செரி, கேளு," என்றாள், "மொதல்ல பேரக் கூப்பிடுவாங்க. உன் பேர அவளுவ நேரே சொல்ல மாட்டாளுவ, என்னத்தையாவது சொல்லுவாளுவ, நீதான்னு விளங்கிக்கிட்டு எந்திரிச்சுப் போ. உள்ள ஒரு பச்சை அங்கி தருவாங்க. முன்னால தெறக்கிறாப்புல போடணும். நான் பின்னால தெறக்கிறாப்புல போட்டுட்டு நின்னேன், அந்தப் பிள்ள சிரிச்சா. ஏசி கொன்னுபோடும், காலுக்கு உறை போட்டுட்டு வா. மல்லாக்கப் படுக்கச் சொல்லி எடது கையத் தலைக்கு மேல வைக்கச் சொல்லுவாங்க. ஸ்கேனுக்கு என்னமோ கொழகொழன்னு தேப்பாங்க, ஜில்லுன்னு இருக்கும், நோவாது." நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் போட்டுட்டு நின்னேன் என்றாள். "மரத்துப்போக ஒரு ஊசி போடுவாங்க, அதுதான் நோவும். எறும்பு கடிச்சாப்புலன்னு சொல்லுவாங்க. எறும்பு இல்ல, குளவி. எண்ணிட்டே இரு, பத்து எண்ணுமுன்ன மரத்துரும். பொறவு ஒண்ணும் தெரியாது, அமுக்குறது மட்டும் தெரியும். ஆனா ஒரு சத்தம் வரும் பியூலா. டக்குன்னு, ஸ்டேப்ளர் அடிச்சாப்புல, காதுக்குப் பக்கத்துல. மூணு நாலு வாட்டி வரும். அந்தச் சத்தத்த எனக்கு யாரும் சொல்லல. என்னமோ ஒடைஞ்சு போச்சுன்னு நெனச்சு நான் அழுதுட்டேன். ஒண்ணும் ஒடையல. அது அந்த ஊசியோட சத்தம், அவ்வளவுதான்."

"எப்பம் மைனி?" "ஒங்க அண்ணன் மஸ்கட் போன மறு வருசம். பிள்ளைக்கு அப்பம் மூணு வயசு. மார்த்தாண்டத்துல கல்யாணம்னு சொல்லிட்டுப் போனேன். தனியாத்தான் போனேன்." அந்தக் கல்யாணம் எனக்கு ஞாபகம் இருக்கிறது, சாயங்காலம் அவள் பட்டுச்சேலையோடு படியில் உட்கார்ந்திருந்தாள், பிள்ளையை நான்தான் வைத்திருந்தேன், சாப்பாடு எப்படி மைனி என்று கேட்டேன், பாயசம் நல்லாருந்து என்றாள். பட்டுச்சேலைக்கு உள்ளே கட்டுப் போட்டிருந்திருக்கிறாள். யார் யாரிடம் சொல்லியிருப்பார்கள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது, அவள் முந்தானை நுனி என் மடியில் கிடந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். "பொறவு என்ன நடக்கும்?" என்று கேட்டேன், என் குரல் பிள்ளைக் குரல் மாதிரி இருந்தது. "நாலஞ்சு நாள் கழிச்சு வரச் சொல்லுவாங்க. அந்த நாலஞ்சு நாளும் ராத்திரிதான் மோசம், பகல்ல ஓடிரும். எனக்கு ஒண்ணுமில்லன்னு எழுதித் தந்துட்டாங்க. அதுக்கப்புறம் உள்ளது எனக்குத் தெரியாது. உனக்கும் அப்படித்தான் வரும்னு நான் சொல்லமாட்டேன், கேட்டியா. தெரியாதத எப்படிச் சொல்ல? வேற மாதிரி வந்தா அந்த எடத்துக்கு நானும் புதுசுதான். ரெண்டு பேருமாப் போய்ப் பாப்போம். நாளைக்கு எத்தன மணிக்கு?" ஒன்பது என்றேன். "பிள்ளைய வேன்ல ஏத்திவிட்டுட்டு வந்துருதேன். நீ சாப்பிட்டுட்டு இரி, சாப்பிட்டா தப்பில்ல. நான் பட்டினியாப் போயி மயங்கிட்டேன்."

அவள் கண் எனக்குப் பின்னால் போயிற்று. "வந்துட்டு," என்றாள். கருப்பில் ஒரு புள்ளி எழுந்து, வட்டமாகச் சுற்றி, திரை முழுதும் மெல்ல வெளுத்தது, விடிவதுபோல அல்ல, பால் பொங்கி மேலே வருவதுபோல. எப்போது வந்ததோ, நாங்கள் இரண்டு பேருமே பார்க்கவில்லை. நாற்காலியை மேசைக்குத் திருப்பினாள். உங்கள் பெயரைத் தட்டச்சு செய்யவும் என்று கேட்டது. வாசித்தாள், விரலைப் பரப்பி வைத்தாள், யோசிக்காமல் அடித்தாள், சத்தம் வரிசையாக வந்து நின்றது. இனிமேலும் பேசக் கூடாதா, பேசலாமா, பரீட்சை முறிந்ததா இல்லையா, கமலேஸ்வரனிடம் என்ன சொல்வது என்றெல்லாம் நினைக்கத் தொடங்கினேன், நினைப்பு பாதியிலேயே கனத்தது. கையை மடித்து மேசையில் வைத்து அதன் மேல் கன்னத்தை வைத்தேன். மேசை விரிப்பில் வெங்காய வாசம். மழை மறுபடியும் பிடிக்கிறது. மைனி அடுத்த வரியை வாசிக்கிறாள், ஏதோ ஒரு சொல்லில் நிற்கிறாள், என்னைத் திரும்பிப் பார்க்கிறாள் என்று கண்ணைத் திறக்காமலே தெரிகிறது, தலையைத் தூக்கவேண்டும், அவள் எந்தச் சொல்லில் நிற்கிறாள் என்று பார்க்கவேண்டும், அதற்குத்தானே உட்கார்ந்திருக்கிறேன். "தூங்கு," என்கிறாள் மைனி. விசைகள் நிற்கின்றன, தயங்குகின்றன, பிறகு அவளாகவே வழியைக் கண்டுகொண்டு மேலே போகிறாள்.